கிளீனர் போட்ட பிறகு லெப்டொப் எழும்பவில்லையா? ஃபோமெட் அடிக்க முன் இதைச் செய்யுங்கள்

ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர், ஒப்டிமைசர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இவை செய்வது ஒன்றுதான். உங்கள் கம்பியூட்டரில் நூற்றுக்கணக்கில் பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டும். எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும். அழுத்தி ரீஸ்டார்ட் பண்ணினால் சில வேளை விண்டோஸ் எழும்பாது. என் தங்கச்சியின் லெப்டொப் இப்படித்தான் நின்றது. அவள் பாடசாலை ஆசிரியை. தவணைப் பரீட்சை வினாத்தாள், பாடக்குறிப்பு, பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல் எல்லாம் அதற்குள். டவுனில் காட்டிய கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "ஃபோமெட் அடிக்கணும், உள்ளுக்கு இருக்கிறது போயிடும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படிப் போகவில்லை. ஒரு ஃபைல்கூடக் குறையாமல் எடுத்தோம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ ஒரு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய்வருவதே ஒரு நாள் வேலை. அது உங்களுக்கு வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன்னுடைய அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் இடம். உங்கள் படங்களும் வேர்ட் ஃபைல்களும் அதற்குள் இல்லை. அது கெட்டால் விண்டோஸ் எழும்பாது, ஆனால் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் முதலில் ஃபைலை எடுக்க வேண்டும், அப்புறம் விண்டோஸை மீட்கப் பார்க்க வேண்டும். புதிதாகப் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. என்ன நிலையில் நிற்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, வைஃபை இல்லை, சத்தம் இல்லை, சில சொஃப்ட்வெயார் திறக்க மறுக்கிறது என்றால் நீங்கள் தப்பிவிட்டீர்கள். பல கிளீனர்கள் அழிப்பதற்கு முன் ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கும். கிளீனருக்குள்ளேயே ரெஸ்டோர் அல்லது அன்டூ என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரில், கிளீனர் ஓடிய அதே நாள் திகதியோடு ஒரு ரெஜிஸ்ட்ரி ஃபைல் கிடக்கலாம். அதை இரண்டு தரம் கிளிக் பண்ணி, சம்மதம் கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

லோகோவோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது நீலத்திரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள். புதிய விண்டோஸ் 11இல் அந்தத் திரை கறுப்பாக இருக்கும். அதில் உள்ள வரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். 'பேட் சிஸ்டம் கொன்ஃபிக் இன்ஃபோ' என்று இருந்தால் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரிதான் அடிபட்டிருக்கிறது.

பட்டனை அழுத்தினாலும் லோகோகூட வரவில்லை, திரை இருட்டாகவே இருக்கிறது என்றால் அது வேறு கோளாறு. சார்ஜர், ரேம், திரை இவற்றில் ஏதோ ஒன்று. கிளீனரால் அப்படி ஆகாது. அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

எந்த நிலையானாலும் இன்னொரு கிளீனரைப் போட்டு இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்க முன் இவற்றைச் சேர்த்து வையுங்கள். பாதியில் தேடப்போனால் அன்றைக்கு முடியாது.

- மைக்ரோசொஃப்ட் கணக்கின் ஈமெயிலும் பாஸ்வேர்டும்
- பிட்லொக்கர் ரிக்கவரி கீ, 48 இலக்கம் கொண்டது
- லெப்டொப் வாங்கிய பில், வொரன்டி அட்டை
- உங்கள் ஃபைல்கள் கொள்ளுமளவு பென் ட்ரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்
- விண்டோஸ் போடுவதற்குக் குறைந்தது 8 ஜிபி கொண்ட இன்னொரு வெறும் பென் ட்ரைவ்
- நல்ல நிலையில் உள்ள சார்ஜர்

இதில் எல்லோரையும் மடக்குவது அந்த 48 இலக்கம்தான். இப்போது வரும் பல லெப்டொப்புகளில் ஹார்ட் டிஸ்க் பிட்லொக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் நன்றாக ஓடும்வரை அது உங்களுக்குத் தெரியாது. மீட்புத் திரைக்குப் போனதும் கீயைக் கேட்கும். கீ இல்லாவிட்டால் உங்களாலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது.

போனில் பிரவுசரைத் திறந்து மைக்ரோசொஃப்ட் கணக்குப் பக்கத்துக்குள் போங்கள். அங்கே டிவைசஸ் என்ற பகுதியில் ரிக்கவரி கீ இருக்கும். பல கீகள் இருந்தால் குழம்ப வேண்டாம். லெப்டொப் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும். அதன் முதல் 8 எழுத்துகள் எதோடு ஒத்துப்போகின்றனவோ அதுதான் உங்களுடையது. கொப்பி ஒன்றில் எழுதி, இரண்டு தரம் சரிபாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, லெப்டொப்பை விற்ற கடையே தன்னுடைய ஈமெயிலைப் போட்டு கணக்கை உருவாக்கித் தந்திருக்கலாம். அப்படியானால் கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். பில்லோடு போய்க் கேளுங்கள். இரண்டாவது, கணக்குக்குள் போக ஓடிபி வரும். அது பழைய சிம்முக்குப் போனால் நின்றுவிடுவீர்கள். எங்கள் பக்கம் சிக்னலுக்காகச் சிம் மாற்றுவது வழக்கம், பழைய இலக்கத்தைக் கணக்கிலிருந்து மாற்ற யாரும் நினைப்பதில்லை. பாதுகாப்புத் தகவல்களை முழுதாக மாற்றக் கேட்டால் மைக்ரோசொஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். ஆகவே பழைய சிம் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

3. நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்

இதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். மீட்பு நடக்கும்போது கரண்ட் போனால், கெட்டது இன்னும் கெடும். மழைக்காலத்தில் ஒரு கிளை முறிந்து லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லயங்களில் சாயந்தரம் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் போடும் நேரம் வோல்டேஜ் இறங்குவதும் தெரிந்ததுதான்.

பெட்டரி நன்றாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் செருகியபடி தொடங்குங்கள். பெட்டரி செத்த பழைய லெப்டொப் என்றால் வானம் வெளுத்த ஒரு காலை வேளையைப் பாருங்கள், அல்லது யூபிஎஸ் உள்ள வீட்டில் வைத்துச் செய்யுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய வேலைக்காக ராத்திரியில் இதைத் தொடங்குவது ஆபத்து.

4. மீட்புத் திரைக்குப் போவது

லெப்டொப்பைப் போடுங்கள். லோகோ வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். திரும்பப் போட்டு அதே மாதிரி இன்னொரு தரம். அடுத்த தரம் விட்டுவிடுங்கள். தானாகப் பழுது பார்ப்பதாக ஒரு வரி வந்து, பிறகு நீலத்திரையில் மெனு வரும். லொகின் திரை வருகிற லெப்டொப் என்றால் இது தேவையில்லை. ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அதே இடத்துக்குப் போகும்.

அங்கே ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். இனிச் செய்யப்போவது பெரும்பாலும் இந்தத் திரையில்தான். எவ்வளவு தட்டினாலும் இது வரவில்லை என்றால், நண்பரின் கம்பியூட்டரில் மைக்ரோசொஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் ட்ரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து லெப்டொப்பை எழுப்புங்கள். அதில் ரிப்பேர் யுவர் கம்பியூட்டர் (புதிய விண்டோஸ் 11இல் ரிப்பேர் மை பிசி) என்பதைத் தட்டினால் இதே மெனு வரும். பக்கத்தில் இருக்கும் இன்ஸ்டோல் பட்டனில் கை படக்கூடாது.

5. முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்

பலர் இதைக் கடைசிக்கு விடுகிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வேன். ஃபைல்கள் கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் பதறத் தேவையில்லை.

விண்டோஸ் எழும்பாமலே ஃபைல் எடுக்கலாம், தனி சொஃப்ட்வெயாரும் வேண்டாம். வெளி டிஸ்க்கைச் செருகிவிட்டு, மீட்புத் திரையில் கமாண்ட் ப்ரொம்ட்டைத் திறங்கள். இங்கே பிட்லொக்கர் கீ கேட்கும். சில லெப்டொப்புகளில் உங்கள் பாஸ்வேர்டும் கேட்கும். கறுப்புப் பெட்டி வந்ததும் நோட்பேட் (notepad) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் ஓபன் கொடுங்கள். கீழே டெக்ஸ்ட் ஃபைல்கள் மட்டும் என்று இருப்பதை ஓல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சின்னப் பெட்டியில் உங்கள் டிஸ்க் முழுவதும் தெரியும்.

சி ட்ரைவில் உங்கள் ஃபோல்டர்களைக் காணவில்லை என்றால் பயப்படாதீர்கள். மீட்புத் திரையில் எழுத்துகள் மாறி நிற்பது உண்டு, டியிலோ ஈயிலோ பாருங்கள். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதைத் திறந்து டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக்கில் கொப்பி எடுத்து, வெளி டிஸ்க்கில் போய் பேஸ்ட் பண்ணுங்கள். டெஸ்க்டொப் வெறுமையாக இருந்தால் வன்ட்ரைவ் (OneDrive) ஃபோல்டருக்குள் பாருங்கள், அங்கே போயிருக்கும். எவ்வளவு ஏறியது என்று இந்தப் பெட்டி காட்டாது, உறைந்ததுபோல நிற்கும். பொறுத்திருங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் போடாமல் ஒவ்வொரு ஃபோல்டராகப் போடுவது நல்லது. முடிந்ததும் வெளி டிஸ்க்கில் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, வேறு கம்பியூட்டரில் இரண்டு மூன்று ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். நம் பாடசாலைகளிலும் கொமினிகேஷன் கடைகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல்கள்தான் இன்னும் நிறைய. விண்டோஸ் புதிதாகப் போட்டதும் அந்த எழுத்துரு போய்விடும். வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் கொப்பி எடுங்கள். தங்கச்சியின் புள்ளிப் பட்டியல் முழுவதும் பாமினியில்தான் இருந்தது.

6. சிஸ்டம் ரெஸ்டோர்

இதுதான் சரியான மருந்து. அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் சிஸ்டம் ரெஸ்டோரைத் திறந்தால் திகதிகள் வரும். கிளீனரைப் போட்ட நாளுக்கு முந்தைய திகதி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி அந்த நாளில் இருந்தபடி திரும்பும். உங்கள் சொந்த ஃபைல்களை இது தொடாது. அதற்குப் பிறகு போட்ட சொஃப்ட்வெயார், ட்ரைவர், அப்டேட் மட்டும் போகும். எவை போகும் என்று பார்க்கவும் அதிலேயே ஒரு பட்டன் உண்டு.

கால் மணியில் முடியலாம், ஒரு மணி தாண்டியும் போகலாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நிச்சயம் இழுக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து பவர் பட்டனில் கை வைக்க வேண்டாம்.

திகதி ஒன்றுமே இல்லை என்று வந்தால், அந்த லெப்டொப்பில் மீட்புப் புள்ளிகளை எடுத்து வைக்கும் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் அணைந்திருக்கலாம். பல லெப்டொப்புகளில் அப்படித்தான் இருக்கும். மீட்புப் புள்ளிகளை அழிக்கும் வசதி சில கிளீனர்களிலேயே இருக்கிறது, அதனாலும் காணாமல் போயிருக்கலாம்.

அப்படியானால் அதே மெனுவில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் கொடுத்து, 4 அல்லது எஃப்4 அழுத்தி சேஃப் மோடுக்குப் போகப் பாருங்கள். சேஃப் மோடில் எழும்பினால், முதலாம் படியில் சொன்ன ரெஜிஸ்ட்ரி பிரதியைத் தேடிப் போடலாம்.

7. பழைய வீடியோக்களில் வரும் ரெக்பேக் வைத்தியம்

தேடினால் இதைச் சொல்லும் வீடியோக்கள் ஏராளமாக வரும். விண்டோஸுக்குள் சிஸ்டம்32, அதற்குள் கொன்ஃபிக், அதற்குள் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் ரெஜிஸ்ட்ரியின் பிரதி இருக்கும், அதை எடுத்து மேலே போட்டால் சரி என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்தப் பிரதியைத் தானாக எடுப்பதை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. ஃபைலின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அளவு 0 என்று காட்டும். அந்த வெறும் ஃபைலை இருக்கிற ரெஜிஸ்ட்ரிக்கு மேல் போட்டால், பாதி கெட்டிருந்தது முழுதாகப் போய்விடும்.

அளவைப் பாருங்கள். 0 என்றால் அந்த வீடியோவை மூடிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

8. ரீசெட்

ட்ரபிள்ஷூட்டில் ரீசெட் திஸ் பிசி. இரண்டு தெரிவுகள் கேட்கும். கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தால் ஃபைல்கள் நிற்கும், சொஃப்ட்வெயார் எல்லாம் போகும். ரிமூவ் எவ்ரிதிங் கொடுத்தால் எல்லாமே போகும். பதற்றத்தில் மாற்றித் தட்டுவது இந்த இடத்தில்தான், ஒரு தரம் வாசித்துவிட்டுத் தட்டுங்கள்.

அடுத்து க்ளவுட் டவுன்லோட், லோக்கல் ரீஇன்ஸ்டோல் என்று இரண்டு. லோக்கல் என்றால் டேட்டா செலவில்லை, உள்ளே இருக்கும் விண்டோஸ் ஃபைல்களை வைத்தே போடும். அவையும் கெட்டிருந்தால் பாதியில் நிற்கும். க்ளவுட் என்றால் 4 ஜிபிக்கு மேல் இறங்கும். பகல் டேட்டாவில் செய்தால் பெக்கேஜ் காலியாகிவிடும். இரவு டேட்டா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு வைக்கலாம், ஆனால் 3ஆம் படியில் கரண்டைப் பற்றிச் சொன்னதை மறக்க வேண்டாம். நான் முதலில் லோக்கலை முயன்று, அது சரிவராவிட்டால்தான் க்ளவுட் என்பேன்.

புதிய விண்டோஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. விண்டோஸோடு வாங்கிய லெப்டொப் என்றால் அதன் உரிமம் அந்த இயந்திரத்தோடு ஒட்டியது. அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்ததும் தானாக அக்டிவேட் ஆகும். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் ஆகாது. பில்லில் டொஸ் அல்லது ஃப்ரீடொஸ் என்று போட்டிருந்தால் உங்களுக்கு உரிமம் தரப்படவில்லை என்று அர்த்தம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் போடுவதென்றால், லெப்டொப் தாங்குமானால் 11ஐப் போடுங்கள்.

9. கடைக்குப் போக வேண்டி வந்தால்

ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி எங்கே போனாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "ஃபோமெட் அடிக்க வேண்டாம், எனக்கு ஃபைல் வேணும்." சிங்களத்தில் என்றால் "ஃபோமெட் கரன்ன எபா, டேட்டா ஓனே." வேலைக்கான துண்டில் அதை எழுதித்தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது, கடைக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் தம்பியின் காதுக்குப் போய்ச் சேராது.

விலையை முன்கூட்டியே பிரித்துக் கேளுங்கள்: பார்ப்பதற்கு எவ்வளவு, ஃபைல் எடுக்க எவ்வளவு, விண்டோஸ் போட எவ்வளவு, சரிவராவிட்டால் எவ்வளவு. டேட்டா ரெக்கவரி என்று ஒரு பெரிய தொகை சொன்னால் யோசியுங்கள். அந்தக் கட்டணம் செத்த டிஸ்க்கிலிருந்து ஃபைல் எடுப்பதற்கு. உங்கள் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு வேண்டியது பேக்கப் மட்டும்.

வொரன்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், வாங்கிய கடையிடம் கேட்காமல் வேறு யாரையும் கழற்ற விடாதீர்கள். சொஃப்ட்வெயார் கோளாறை வொரன்டி பொதுவாக ஏற்காது. ஆனால் ஸ்டிக்கர் கிழிந்தால் பிறகு வரும் ஹார்ட்வெயார் கோளாறுக்கும் கையை விரித்துவிடுவார்கள்.

கிரெக் பண்ணிய, உரிமமில்லாத விண்டோஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைப் போடும்போது விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிஃபென்டரை அணைத்துவிடுவார்கள், திரும்பப் போட்டும் தர மாட்டார்கள். சார்ஜரைக் கொண்டுபோங்கள், பிட்லொக்கர் கீயைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வங்கிப் பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காலையிலேயே கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் முடியுமா என்று நேராகக் கேளுங்கள். முடியாது என்றால் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பாதியில் பிடுங்கிக்கொண்டு வருவது நல்லதல்ல. காசு கொடுத்ததும் பில் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

10. எழும்பிய பிறகு அன்றைக்கே செய்ய வேண்டியவை

கிளீனர் இன்னும் உள்ளே இருந்தால் அதை நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்குத் தாங்கள் ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசொஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் சில பழைய வரிகளை அழித்தால் லெப்டொப் வேகமாகாது. உண்மையில் மெதுவாக்குவது பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம், லெப்டொப் போடும்போதே கூடவே எழும்பும் சொஃப்ட்வெயார்கள். கடைசியானதை டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் காசில்லாமல் அணைக்கலாம். இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. காசு செலவழிப்பதென்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள், போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

கிளீனரோடு வேறு ஏதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். லெப்டொப் தானே ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி அளவில் முடியும்.

அப்புறம் ஸ்டார்ட்டில் ரெஸ்டோர் பொயின்ட் என்று தேடி, சி ட்ரைவுக்கு ப்ரொடெக்ஷனை ஒன் பண்ணி, அங்கேயே க்ரியேட் தட்டிப் புதிய மீட்புப் புள்ளி ஒன்றை எடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கில் இப்போது பாவிக்கும் சிம் இலக்கத்தைப் போடுங்கள். 48 இலக்கத்தை எழுதிய துண்டை லெப்டொப் பையில் வைக்காமல், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் ஃபைலுக்குள் வையுங்கள்.